வெள்ளைக்கு மாற்றினால் மயங்கும் லைட்சேபர்: வாசகர் கேள்வி–பதில்

சினிமாவிலும் தொடர்களிலும் வரும் அறிவியல் புனைகதைக் கருவிகளின் மாதிரிகளைச் சேர்ப்பவர்களைப் பற்றி முன்பு ஒருமுறை போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் லைட்சேபரோ (ஸ்டார் வார்ஸ் ஒளிவாள்) கம்யூனிகேட்டரோ (ஸ்டார் டிரெக்கில் மூடியைத் திறந்து பேசும் கருவி) பழுதாகாத வீடே இல்லை போலிருக்கிறது. "எங்கே மலிவாகக் கிடைக்கும்" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். ஏற்கெனவே வாங்கி, ஆர்வத்தில் திறந்து, மூடத் தெரியாமல் நிற்பவர்களுக்குத்தான் இந்த முறை முன்னுரிமை.

கே: அண்ணா, என்னிடம் இருப்பது நியோபிக்சல் லைட்சேபர். சிவப்பு, நீலம் எல்லாம் அருமையாக எரிகிறது. வெள்ளைக்கு மாற்றினாலோ, எதிலாவது மோதி மின்னல் மாதிரி ஒளி வந்தாலோ படக்கென்று அணைந்து, ஆன் செய்யும்போது வரும் தொடக்க ஒலி மறுபடி கேட்கிறது. போர்டு போய்விட்டதா? புது போர்டு விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. (கல்லூரி மாணவர், கோவை)

ப: போர்டு நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, பர்ஸை உள்ளே வையுங்கள். கேள்வியிலேயே பதிலையும் சொல்லிவிட்டீர்கள். நியோபிக்சல் என்பது கத்தி நெடுக வரிசையாக ஒட்டிய ஒளிப்புள்ளி, ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டி எல்.இ.டி. இருக்கிறது. கத்தி சிவப்பாக எரியும்போது மூன்றில் ஒன்றுதான் வேலை செய்கிறது. வெள்ளை என்றால் மூன்றும் சேர்ந்து எரிய வேண்டும், அதாவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு கரண்ட். மோதும்போது வரும் மின்னலும் பெரும்பாலும் வெள்ளைதான். மீட்டருக்கு 144 எல்.இ.டி. உள்ள பட்டை இரண்டை முதுகோடு முதுகு ஒட்டித்தான் இந்தக் கத்திகளைச் செய்கிறார்கள், நீளமான கத்தியில் மொத்தம் 260 எல்.இ.டி. வந்துவிடும். வெள்ளையில் ஒன்றுக்கு 60 மில்லிஆம்பியர் என்று பழைய கணக்கைப் போட்டால் 15 ஆம்பியரைத் தாண்டுகிறது. இப்போது வரும் ரகங்கள் அதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும், போர்டும் வெளிச்சத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்கும், ஆனாலும் ஒரே ஒரு 18650 செல்லிடம் (உருளை வடிவ லித்தியம் செல்) போய் ஏழெட்டு ஆம்பியர் கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை.

அவ்வளவு கரண்ட் ஓடும்போது வழியில் இருக்கிற துக்கடா தடைகூடப் பூதாகரமாகிவிடும். செல்லைத் தாங்கி நிற்கிற ஸ்பிரிங்கைப் பாருங்கள். மெல்லிய எஃகுக் கம்பி, அதில் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், 8 ஆம்பியரில் 0.8 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். 3.7 வோல்ட்டில் அது போனால் போர்டுக்கு மிஞ்சுவது 2.9. போர்டு மயங்கி விழுந்து, சுமை இறங்கியதும் எழுந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. நீங்கள் கேட்கிற தொடக்க ஒலி அதுதான்.

இதைக் கண்டுபிடிக்கச் சாதாரண மல்டிமீட்டர் போதும். செல்லின் இரு முனையிலும் மீட்டரை வைத்துக்கொண்டு வெள்ளைக்கு மாற்றுங்கள். அப்புறம் போர்டில் பேட்டரி ஒயர் சேரும் இடத்தில் வைத்து அதையே செய்யுங்கள். செல்லிலேயே 3 வோல்ட்டுக்கு இறங்கினால் செல் சரியில்லை. செல்லில் 3.6 நிற்கிறது, போர்டுக்கு மட்டும் 2.9 வருகிறது என்றால் நடுவில் ஸ்பிரிங், ஒயர், ஸ்விட்ச் இவற்றில் ஏதோ ஒன்று திருடுகிறது. செல் தொடும் முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ஸ்பிரிங்குக்குள் அடியிலிருந்து நுனிவரை ஒரு துண்டு செப்பு ஒயரை சால்டர் செய்துவிட்டால் கரண்ட் எஃகை விட்டுவிட்டுச் செம்பில் ஓடும். டார்ச் லைட் பைத்தியங்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை இது. முடி மாதிரி ஒயர் போட்டிருந்தால் 22 கேஜ் சிலிக்கான் ஒயருக்கு மாற்றிவிடுங்கள்.

செல்தான் குற்றவாளி என்றால், மேலே "9900 எம்.ஏ.ஹெச்." (செல்லின் கொள்ளளவு) என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். நல்ல கம்பெனி 18650 செல்களே 3500-ஐ ஒட்டித்தான் இருக்கும், 9900 என்பது ஸ்டிக்கரில் மட்டும் உள்ள எண். சமையலறைத் தராசில் வைத்தால் ஒழுங்கான செல் 45 கிராமை ஒட்டியாவது இருக்கும். வாங்கும்போது எத்தனை எம்.ஏ.ஹெச். என்று கேட்பதைவிட எத்தனை ஆம்பியர் விடும் என்று கேளுங்கள், இந்த வேலைக்கு 15 ஆம்பியர் விடுகிற செல் வேண்டும். பாதுகாப்பு சர்க்யூட் உள்ளே வைத்த செல் 65 மில்லிமீட்டரைவிட நாலைந்து மில்லிமீட்டர் நீளமாக இருக்கும், உங்கள் பிடிக்குள் அடங்குமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். அப்படிப்பட்ட செல்லில் சர்க்யூட் வெட்டிக்கொண்டால் தொடக்க ஒலியெல்லாம் வராது, செல்லைக் கழற்றி மாட்டும்வரை கப்சிப்தான். உங்களுடையது அந்த ரகம் இல்லை.

கே: நண்பனோடு சண்டை போட்டதில் கத்தி பாதிக்குமேல் ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை. மறுபக்கம் நுனிவரை எரிகிறது. எங்கள் தெரு மொபைல் கடைக்காரர் "எல்.இ.டி. எல்லாம் செத்துவிட்டது" என்கிறார். (திருச்சி வாசகர்)

ப: எல்லாம் செத்திருக்காது. கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவார்களே, அந்த மாதிரிதான் இந்தப் பட்டை. முதல் எல்.இ.டி. தனக்கு வேண்டிய 24 பிட் தகவலை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளிவிடும், அது தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளும். நடுவில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அதற்குப் பிறகு நிற்பவர்கள் திடகாத்திரமாக இருந்தும் வேலை இல்லை. ஆகவே கோளாறு கடைசியாக எரிகிற எல்.இ.டி.யிலோ, எரியாத முதல் எல்.இ.டி.யிலோ, இரண்டுக்கும் நடுவிலுள்ள செப்புத் தடத்திலோதான் இருக்கும். வேறெங்கும் தேட வேண்டாம். இரண்டு பட்டைக்கும் தகவல் தனித்தனியாகப் போவதால்தான் மறுபக்கம் தப்பித்தது.

பாலிகார்பனேட் குழாயிலிருந்து பட்டையை மெதுவாக உருவி, அந்த இரண்டை மட்டும் வெட்டி எடுத்து, புதுத் துண்டை அம்புக்குறி ஒரே திசையில் இருக்கும்படி வைத்து சால்டர் செய்யலாம். 144 ரகப் பட்டையில் சால்டர் செய்ய வேண்டிய இடம் அரிசி அளவுகூட இருக்காது, பொறுமை இல்லையென்றால் பட்டை முழுவதையுமே மாற்றிவிடுங்கள். இன்னொரு விஷயம், நியோபிக்சல் கத்தி பார்க்க அழகுதான், ஆனால் ஓங்கி அடித்து விளையாட அது லாயக்கில்லை. அதற்கு, பிடிக்குள்ளேயே ஒரு பெரிய எல்.இ.டி. வைத்து, வெறும் குழாய்க்குள் ஒளியை மட்டும் அனுப்புகிற பழைய ரகம் இருக்கிறது. நுனி கொஞ்சம் மங்கும், ஆன் செய்யும்போது ஒளி அடியிலிருந்து நுனிக்கு ஏறுகிற வித்தை வராது. ஆனால் குழாய் உடைந்தால் இன்னொரு குழாய், முடிந்தது செலவு. இரண்டு கத்தியும் ஒரே பிடியில் பொருந்தும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், பல பிடிகளில் பொருந்தாது.

கே: டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொடரில் வரும் சோனிக் ஸ்க்ரூடிரைவர் பொம்மை. நீல எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டு சிவப்பு போட்டேன். பட்டன் செல் அடிக்கடி தீர்கிறது என்று வெளியில் மூன்று ஏஏஏ பேட்டரி வைத்து ஒயர் இழுத்தேன். ரொம்பப் பளிச்சென்று எரிந்தது, அப்புறம் ஒரேயடியாகப் போய்விட்டது. இரண்டுமே 4.5 வோல்ட்தானே சார்? (பொறியியல் டிப்ளமோ மாணவி, மதுரை)

ப: வோல்ட் ஒன்றுதான் அம்மா, கொடுக்கிற தெம்பு வேறு. மலிவான பொம்மையைத் திறந்தால் எல்.இ.டி.யோடு கரண்ட்டை அடக்கும் ரெசிஸ்டரே இருக்காது. மறதி இல்லை, சிக்கனம்தான். எல்.ஆர்.44 பட்டன் செல்லுக்கு உள்தடை அதிகம், கரண்ட் கேட்டால் முக்கி முனகித்தான் கொடுக்கும், அந்த முனகலையே ரெசிஸ்டராக வைத்துக்கொண்டு வடிவமைத்துவிட்டார்கள். ஏஏஏ பேட்டரிக்கு உள்தடை குறைவு, கேட்டதை அள்ளிக் கொடுக்கும். போதாக்குறைக்கு நீல எல்.இ.டி. 3.2 வோல்ட் வரை தாங்கிக்கொள்ளும், சிவப்புக்கு 2 வோல்ட்டே போதும். 4.5-ல் 2 போக மிச்சம் 2.5 வோல்ட்டைத் தடுக்க வழியில் யாருமே இல்லை. எரிந்துதான் போகும்.

15 மில்லிஆம்பியர் போதும் என்று வைத்துக்கொண்டால் 2.5-ஐ 0.015-ஆல் வகுங்கள், 167 வரும். கடையில் கிடைப்பது 180 ஓம், அதை எல்.இ.டி.யின் ஒரு காலோடு தொடராகச் சேர்த்துவிடுங்கள். நீலத்துக்கே திரும்பினால் 100 ஓம். சென்னை ரிச்சி தெருவுக்கெல்லாம் போக வேண்டியதில்லை, மதுரையில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

ஒலிக்கும் சர்க்யூட் பிழைத்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், எல்.இ.டி. ஷார்ட் ஆகிச் செத்திருந்தால் அதை ஓட்டிய டிரான்சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். சரி, சிவப்பு ஏன்? 2005-க்குப் பிறகு வந்த தொடரில் பத்தாவது டாக்டரிடம் இருந்தது நீலம், பதினோராவது டாக்டரிடம் பச்சை (நாயகன் பெயரே டாக்டர், நடிகர் மாற எண்ணும் மாறும்). உங்களுடையது நீங்களே கற்பனை செய்த டாக்டர் என்றால் வண்ணம் உங்கள் இஷ்டம்.

கே: ஸ்டார் டிரெக் கம்யூனிகேட்டர் பொம்மை ஒன்று கைக்கு வந்தது. மூடியைத் திறந்தால் வரும் சத்தம் பிளாஸ்டிக் வாத்து கத்துவதுபோல இருக்கிறது. அந்தச் சில்லில் நல்ல ஒலியை ஏற்ற முடியுமா? (டொரண்டோ வாசகர்)

ப: முடியாது. பலகையில் கறுப்பாக, உருகிய தார்ச் சொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்கடியில்தான் சில்லு இருக்கிறது. தொழிற்சாலையில் ஒருமுறை ஒலியைப் பதித்ததோடு சரி, மறுபடி எழுத வழி கிடையாது. அதைத் தூக்கிவிட்டு டிஎஃப்பிளேயர் மினி என்ற சின்ன எம்பி3 பலகையைப் போடுங்கள். இரண்டு செ.மீ. சதுரத்துக்குள் அடங்கிவிடும், மைக்ரோ எஸ்டி கார்டை ஏற்கும், 3 வாட் ஆம்ப்ளிஃபயரும் அதிலேயே இருக்கிறது. ஒற்றை லித்தியம் செல்லில் ஓடும்.

சிக்கல் எல்லாம் இதற்குப் பிறகுதான். மூடியின் ஸ்விட்ச்சையே பவர் ஸ்விட்ச்சாக்கிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். செய்து பார்த்தால், மூடியைத் திறந்து, கேப்டன் பேச ஆரம்பித்த பிறகு சாவகாசமாகச் சத்தம் வரும், ஏனென்றால் பவர் வந்ததும் பலகை விழித்து கார்டைப் படிக்க ஒரு வினாடிக்குமேல் ஆகிறது. சரி, எப்போதும் ஆனில் வைத்துவிடலாம் என்றால் சும்மா இருக்கும்போதே 20 மில்லிஆம்பியர் அளவுக்குக் குடிக்கும், சின்ன செல் ஒரு நாள் தாங்கினால் பெரிய விஷயம். ஆகவே பின்பக்கம் ஒளிவாக ஒரு நகர்த்து ஸ்விட்ச் வைத்து பவரை அதற்குக் கொடுங்கள். மூடி வெறும் தூண்டுகோலாக மட்டும் இருக்கட்டும்.

தூண்டுவதற்கு ரீட் ஸ்விட்ச்தான் என் சிபாரிசு. கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய தகடு, காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்ளும். அதை பலகையின் ஏடிகீ1 (ADKEY1) முனைக்கும் தரைக்கும் (கிரவுண்ட் முனை) நடுவே இணைத்தால் முதல் ஒலி ஓடும். காந்தத்தை மூடியின் கீல் ஓரமாக, மூடி பாதி திறக்கும்போது ரீட் ஸ்விட்ச்சைக் கடந்து போகிற மாதிரி ஒட்டுங்கள், அப்போதுதான் தொட்டு விலகிய மாதிரி ஒரு சிறு தட்டல் கிடைக்கும். முழுக்கத் திறந்த நிலையில் காந்தம் பக்கத்திலேயே நின்றுவிட்டால் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதாக பலகை நினைத்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டில் மூடும்போதும் சத்தம் வரும், அது உறுத்தினால் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் சேர்த்தாக வேண்டும். ஸ்பீக்கரிலும் காந்தம் இருக்கிறது என்பதை மறந்து அதற்குப் பக்கத்தில் ரீட் ஸ்விட்ச்சை ஒட்டினால் அது ஒட்டினபடியே கிடக்கும், வீட்டில் எல்லோரும் பலகை பழுது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஸ்பீக்கரின் இரண்டு ஒயரையும் பலகையில் அதற்கென்று உள்ள இரண்டு முனைகளில் மட்டும் இணையுங்கள், ஒன்றைத் தரையில் சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும். கார்டு 32 ஜி.பி.க்குள், எஃப்ஏடி32 (FAT32) வடிவில் ஃபார்மேட் செய்ததாக இருக்கட்டும். கோப்புகள் எந்த வரிசையில் கார்டில் எழுதப்பட்டனவோ அந்த வரிசையில்தான் பல பலகைகள் எண்ணுகின்றன. எனவே கார்டை ஃபார்மேட் செய்துவிட்டு ஒவ்வொன்றாக நகலெடுங்கள்.

1960-களின் அந்தத் தொடருக்கு வா சாங் என்ற சிற்பி செய்து கொடுத்த அசல் கம்யூனிகேட்டரில் ஒலியே கிடையாது. மூடிக்கடியில் சுழல்கிற அலைக்கோலத் தட்டு இருக்கிறதே, அதை ஓட்டியது ஒரு ஸ்டாப்வாட்சின் உள் எந்திரம். சத்தத்தைப் பின்னால் ஒலிப்பதிவில் சேர்த்துக்கொண்டார்கள். கேமராவுக்கு முன்னால் சில வினாடி அழகாக இருந்தால் போதும் என்பதுதான் அதற்கு இருந்த வேலை. நாம்தான் நம் மாதிரி நிஜமாகவே கூவ வேண்டும், எரிய வேண்டும், ஒரு சார்ஜில் வாரம் ஓட வேண்டும் என்று கேட்கிறோம்.

கே: மாதிரிப் பொருளைத் துளை போட்டு மாற்றுவது பாவம் என்று சேகரிப்பாளர் நண்பர் ஒருவர் சண்டைக்கு வருகிறார். உங்கள் கருத்து? (யாழ்ப்பாண வாசகர்)

ப: அசலே அப்படித்தான் பிறந்தது என்று அவரிடம் சொல்லுங்கள். 1977-ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் நாயகன் லூக் கையில் பிடித்த வாளின் பிடி, கிராஃப்ளெக்ஸ் என்ற பழைய பத்திரிகை கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடி. அரங்க அலங்காரப் பொறுப்பாளர் ராஜர் கிறிஸ்டியன் அதில் ரப்பர் பட்டைகளை ஒட்டி, கால்குலேட்டர் ஒன்றிலிருந்து எடுத்த குமிழ் லென்ஸ் வரிசையைச் செருகினார். லூக்கின் குரு ஓபி-வானின் பிடியில் கைக்குண்டுத் துண்டு, ரோல்ஸ்-ராய்ஸ் ஜெட் எஞ்சினின் குழாய், குழாய்த் திருகின் கைப்பிடி எல்லாம் இருந்தன. கோஸ்ட்பஸ்டர்ஸ் படத்தில் பேயை அளக்கும் மீட்டர் மின்சார ஷூ பாலிஷ் கருவியின் உடம்பு. ஸ்டார் டிரெக் டாக்டர் மெக்காயின் அறுவைக் கருவிகளில் சில, உப்புக் குப்பிகள். வெட்டி ஒட்டாமல் செய்த அசல் என்று ஒன்றைக் காட்டுவதே கஷ்டம்.

ஆனால் நண்பர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பழைய கிராஃப்ளெக்ஸ் கைப்பிடிகளை லைட்சேபர் ஆக்குவதற்காகவே எல்லோரும் வாங்கப் போய் விலை ஏறிவிட்டது. பழைய கேமராவை இன்னும் பயன்படுத்துகிற புகைப்படக்காரர்களுக்கு அதில் ஏக வருத்தம். அசல் பழைய பொருளை வெட்டாதீர்கள், எண் போட்டு வெளிவந்த வரையறுத்த பதிப்பையும் விட்டுவிடுங்கள். மற்றதில் தாராளமாகக் கை வையுங்கள், கழற்றிய திருகு, பலகை, ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எதிலிருந்து கழற்றியது என்று எழுதி வையுங்கள். துளை போடுவதானால் பேட்டரி மூடிக்கு உள்ளே போடுங்கள், முகத்தில் வேண்டாம்.

கே: கோஸ்ட்பஸ்டர்ஸ் பேய் மீட்டரை 3டி பிரிண்ட் செய்து அர்டுய்னோ நானோ (புரோகிராம் எழுதி ஓட்டும் குட்டிப் பலகை), எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டார்) வைத்துச் செய்தேன். இரு பக்க இறக்கைகள் மேலே எழும்போது நடுங்குகின்றன, சில நேரம் விளக்கெல்லாம் அணைந்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. 9 வோல்ட் பேட்டரி புதிது. புரோகிராம் கோடில் பிழை இருக்குமோ? (ஐ.டி. ஊழியர், சென்னை)

ப: உங்கள் தொழில் பழக்கம், கோடைச் சந்தேகப்படுகிறீர்கள். பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரி புகை எச்சரிக்கை மணி மாதிரி துளித்துளியாகக் குடிக்கிற சாதனங்களுக்கானது. எஸ்ஜி90 முட்டுக்கட்டை போட்டு நிற்கும்போது முக்கால் ஆம்பியர்வரை கேட்கும், அதுவும் உங்களுடையதில் நானோவில் வோல்ட்டைக் குறைக்கும் குட்டி ரெகுலேட்டர் வழியாகப் போகிறது. ரெகுலேட்டரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். வோல்ட் சரிந்ததும் நானோ மறுபடி தொடங்குகிறது, தொடங்கியதும் சர்வோவை ஆரம்ப இடத்துக்குப் போகச் சொல்கிறது, அது மறுபடி கரண்ட் கேட்கிறது, மறுபடி சரிவு. நடுக்கம் என்று நீங்கள் பார்ப்பது இந்தச் சுற்றுதான்.

நாலு ஏஏ ரீசார்ஜபிள் பேட்டரியைத் தொடராகப் போட்டால் 4.8 வோல்ட், அதை சர்வோவுக்கு நேராகக் கொடுங்கள். நானோவுக்கும் அதன் 5 வோல்ட் முனை வழியாக அதையே கொடுக்கலாம், யூ.எஸ்.பி.யைச் சேர்த்துச் சொருகாமல் இருந்தால் சரி. தரை ஒயர் இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். சர்வோ முனையருகில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, பிளஸ் மைனஸ் பார்த்து.

அதற்கும் அடங்கவில்லையா, சர்வோவின் கையைக் கழற்றிவிட்டு இறக்கையை விரலால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். எங்காவது உரசினால் உப்புத்தாள் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம், மின்சாரத்தில் அதைத் தீர்க்க முடியாது. கடைசியாக, ஆமாம், கோடில் ஒரே ஒரு வரி சேர்க்கலாம்: இறக்கை போய்ச் சேர்ந்த பிறகு சர்வோவை டிடாச் (சிக்னலைத் துண்டிப்பது) செய்துவிடுங்கள், சும்மா நிற்கும்போது முனகுவதும் நிற்கும்.

கே: பரணில் கிடந்த பழைய ஃபேசர் (ஸ்டார் டிரெக் துப்பாக்கி) பொம்மையைத் திறந்தால் பேட்டரி அறை முழுக்க வெள்ளைப் பூப் பூத்திருக்கிறது. வினிகர் ஊற்றினால் போதும் என்கிறார்களே? (இல்லத்தரசி, தஞ்சாவூர். பொம்மை மகனுடையது என்று எழுதச் சொல்கிறார், சரி)

ப: ஊற்ற வேண்டாம், தொட்டு வையுங்கள். அதற்கு முன்னால் கசிந்தது எந்த பேட்டரி என்று பாருங்கள். ஆல்கலைன் என்றால் கசிந்தது காரம், அதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ சரி. டிவி ரிமோட்டுக்குப் போடுகிற மலிவான சாதா பேட்டரி என்றால் கசிவு அமிலத்தன்மை உள்ளது, அதற்குத் தண்ணீரில் குழைத்த சமையல் சோடா. இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லாவற்றுக்கும் வினிகர் போடுகிறார்கள், அமிலத்துக்கு மேல் அமிலம்.

கையுறை போட்டுக்கொண்டு, காதுக்குச்சியில் தொட்டு, நுரை அடங்கும்வரை துடையுங்கள். பிறகு ஈரத்துணி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நன்றாகக் காயட்டும். ஸ்பிரிங்கில் பளபளப்பு போய்க் கறுத்திருந்தால் உப்புத்தாள், அதற்கும் மசியாவிட்டால் பழைய ரிமோட்டிலிருந்து ஒரு ஸ்பிரிங். இவ்வளவு செய்தும் எரியாவிட்டால் ஒயரைப் பாருங்கள். காரம் ஒயரின் உறைக்குள்ளேயே ஊறி ஏறிவிடும், வெளியே சிவப்பு உறை புதிது மாதிரி இருக்கும், சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு கரி மாதிரி இருக்கும், அதில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள், தெரியாவிட்டால் ஒயரையே மாற்றுங்கள்.

கே: என்னிடம் உள்ள ப்ளூடூத் கம்யூனிகேட்டர் எப்போதும் சார்ஜிங் ஸ்டாண்டில்தான் இருக்கும். இப்போது பின்மூடி மெல்ல எழும்பியிருக்கிறது. வேலை செய்கிறது. விட்டுவிடலாமா? (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், சேலம்)

ப: விடவே கூடாது ஐயா. இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் ஸ்டாண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கிற லித்தியம் பாலிமர் பை உப்பியிருக்கிறது. மூடியை அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள், ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், பையில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் பட்டையால் மெதுவாகத் திறந்து, ஒட்டுப் பசையை ஆல்கஹால் விட்டு இளக்கி எடுக்க வேண்டும். கை நடுங்கும் என்றால் நல்ல மொபைல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், இந்த ஒரு வேலையில் அவர்கள் கெட்டிக்காரர்கள். எடுத்ததைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குமிடத்தில் சேருங்கள்.

மாற்று வாங்க பையின் மேல் உள்ள ஆறு இலக்க எண்ணைப் பாருங்கள். 503450 என்றிருந்தால் 5.0 மில்லிமீட்டர் தடிமன், 34 அகலம், 50 நீளம் என்று அர்த்தம். தடிமனில் ஒரு மில்லிமீட்டர் குறைவானதே மேல், பை கொஞ்சம் உப்பினாலும் இடம் இருக்கும். பாதுகாப்பு சர்க்யூட் வைத்ததாகக் கேளுங்கள். இணைப்பான் பொருந்துகிறதே என்று அப்படியே சொருகிவிடாதீர்கள். சிவப்பும் கறுப்பும் எந்தப் பக்கம் என்பதில் விற்பவர்களுக்குள் ஒற்றுமையே கிடையாது, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சொருகுங்கள். இனிமேல் ஸ்டாண்ட் காட்சிக்கு மட்டும், சார்ஜ் பாதியளவில் இருக்கும்போது அணைத்து வைத்தால் பை நீண்ட நாள் உழைக்கும்.

கே: பிடியின் ரப்பர் மாதிரியான பூச்சு பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. (புதுச்சேரி வாசகர்)

ப: அந்தப் பூச்சு வயதானால் அப்படித்தான் ஆகும், நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். காப்பாற்ற முடியாது, உரித்துவிடுங்கள். துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் தேய்த்தால் கறுப்புச் சேறாக வந்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போகாதீர்கள், அதில் உள்ள அசிட்டோன் அடியில் இருக்கிற ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைக்கும். அச்சிட்ட எழுத்துகள் இருந்தால் முதலில் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

கே: லைட்சேபரை விமானத்தில் எடுத்துப் போகலாமா? (பெயர் வேண்டாம் என்றவர், சென்னை)

ப: வாளை சரக்குப் பெட்டியில் போடுங்கள், செல்லைக் கழற்றி பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். உதிரி லித்தியம் செல் சரக்குப் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில் 100 வாட்-மணிவரை பொதுவாகப் பிரச்சினை இல்லை, 18650 ஒன்று 13-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் வரும். ஃபேசரோ பிளாஸ்டரோ, துப்பாக்கி மாதிரி தெரிகிற எதையும் கைப்பையில் வைக்காதீர்கள். ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அந்தத் தொடரைப் பார்த்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.